தேடிய இடங்களில் இல்லை

வரலாறு படிக்கும் ஒரு மாணவி ஐந்து புத்தகங்களின் பெயர்களை எழுதிய சீட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஜூலை மாதம், வெளியே நல்ல மழை. கொடைக்கானலில் எங்கள் கல்லூரி நூலகத்தில் அப்போது நான் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்திருந்தேன். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு சுத்தமான சீட்டை எந்த மாணவியும் கொடுத்ததில்லை. ஆசிரியர் பெயர், வெளியான ஆண்டு, பதிப்பகம், பக்க எண் எல்லாம் முறையாக இருந்தன. வழக்கமாக "பச்சை அட்டை போட்ட புக்கு மேம், தடியா இருக்கும்" என்றுதான் கேட்பார்கள்.

இரண்டு புத்தகங்கள் எங்கள் அலமாரியிலேயே இருந்தன. மற்ற மூன்றும் இல்லை. அவற்றில் ஒன்று பழனி மலையின் பழைய குதிரைப் பாதைகளையும் சுமை தூக்கும் கூலியாட்களையும் பற்றியது. அது இருந்தால் எனக்கே படிக்க ஆசை. கம்ப்யூட்டரில் தேடினேன், பதிவேட்டில் தேடினேன், மூன்றாம் நாள் மதுரையில் ஒரு கல்லூரி நூலகராக இருக்கும் தோழிக்கு போன் செய்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஏங்க, நீங்களுமா? இங்க போன வாரமே ரெண்டு பேரு வந்து கேட்டுட்டுப் போனாங்க. அப்படி ஒரு புஸ்தகமே கெடையாதுங்க. ஏஐ அதுவா எழுதிக் குடுக்குது."

மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை. "போன்ல கேட்டேன் மேம், குடுத்துச்சு" என்றாள். கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. இல்லாத ஒரு புத்தகத்துக்காக மூன்று நாள் அலைந்தது மட்டும் கொஞ்ச நேரம் உறுத்தியது. அதைவிட, அது உண்மையிலேயே இல்லை என்றானபோது ஏற்பட்ட ஏமாற்றம் அதிக நேரம் இருந்தது.

அடுத்த மாதம் கல்லூரி முதல்வர் அழைத்தார். "மேடம், லைப்ரரி ஹவர்ல ஏஐ பத்தி ஒரு கிளாஸ் எடுத்துருங்க. எல்லா காலேஜ்லயும் எடுக்குறாங்க" என்றார். லைப்ரரி ஹவர் என்பது முதலாண்டு மாணவிகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் நான் எடுக்கும் வகுப்பு. புத்தகத்தின் முதுகில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது, பின்பக்கத்துச் சொல்லடைவை எப்படிப் பார்ப்பது, ஒரு செய்தியை எங்கிருந்து எடுத்தோம் என்று எப்படி எழுதுவது என்பவற்றைத்தான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்லிக்கொடுப்பதற்கு முன் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் சாயங்காலங்களில் போனை வைத்துக்கொண்டு அந்த ஏஐ செயலியிடம் எனக்குத் தெரிந்த விஷயங்களாகக் கேட்டுப் பார்த்தேன். கொடைக்கானல் ஏரியைப் பற்றி நன்றாகவே சொன்னது. பாச்சலூரைப் பற்றிக் கேட்டபோது அங்கேயும் ஒரு ஏரியை வெட்டி, படகும் விட்டது. என் கணவர் பாச்சலூரில் மூன்று வருஷம் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அதை வாங்கிப் படித்துவிட்டு, "நான் இருந்தப்ப ஒரு நல்ல டீக்கடைகூட கெடையாது, இது போட் விடுது" என்றார்.

வகுப்பை அப்படியே அமைத்தேன். ஒவ்வொருத்தியும் தன் ஊரைப் பற்றி ஐந்து புத்தகங்களோ கட்டுரைகளோ தரச் சொல்லிப் போனில் கேட்க வேண்டும். வருவதைச் சீட்டில் எழுதிக்கொண்டு, எங்கள் அட்டவணையிலும் பிற நூலகங்களின் அட்டவணைகளிலும் தேட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் நூலகத்தில் இருந்த சத்தத்தை அதற்கு முன் நான் அனுமதித்ததில்லை. பள்ளங்கிக்காரி ஒருத்தி அலமாரிக்குப் பின்னாலிருந்து கத்தினாள்: "எங்க ஊர்ல பெரிய அருவி இருக்காம் மேம்! நான் பொறந்ததுலருந்து பாத்ததில்ல!"

அந்தக் கருவியால் பயனே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பிளம்ஸ், பேரிக்காய் பற்றி எழுதவேண்டிய ஒரு மாணவி எங்கள் அட்டவணையில் அந்தச் சொற்களைப் போட்டு ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வேறு என்ன சொற்களில் தேடலாம் என்று போனிடம் கேள் என்றேன். அது ஏழெட்டுச் சொற்கள் தந்தது. அதில் 'குளிர்ப்பிரதேசப் பழங்கள்' என்பதைப் போட்டதும் நான்கு புத்தகங்கள் வந்தன. அந்த நான்கையும் அந்தத் தலைப்பில் பதிந்தவள் நான்தான். எனக்கு ஞாபகம் வரவில்லை.

வகுப்பு முடிந்தபின் ஒரு படிவம் தயாரித்தேன். மாணவி தன் கட்டுரைக்கு எடுத்த ஆதாரங்களை அதில் எழுதித் தரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். நான் தேடிப் பார்த்து ஒன்றில் டிக் செய்து, கையெழுத்துப் போட்டு, நூலக முத்திரை வைப்பேன். இதைப் பார்த்து ஆசிரியர்களுக்கு ரொம்பத் திருப்தி. இரண்டு மாதத்தில் எல்லாத் துறையிலும் கட்டுரையோடு அந்தச் சீட்டையும் இணைக்கவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். காலையில் கதவைத் திறக்கும்போதே என் மேஜைக்கு எதிரே வரிசை நின்றது. அதுவரை ஆசிரியர்கள் என்னைப் பார்க்க வந்ததெல்லாம் தேர்வு நேரத்தில் உட்கார இடம் கேட்டுத்தான். இப்போது, "மேடம், இது உண்மையா பாத்துச் சொல்லுங்க" என்று வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை இங்கே மறைத்துப் பயனில்லை.

கூக்காலைச் சேர்ந்த இன்னொரு மாணவியைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இரண்டாமாண்டு வரலாறு. ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் ஊருக்குப் பஸ் குறைவு. எல்லா வாரமும் வீட்டுக்குப் போகமாட்டாள். ஜன்னலோரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படிப்பாள். படித்த புத்தகத்தைத் தானே அலமாரியில் வைக்காமல், நான் சொல்லிக்கொடுத்தபடி மேஜையிலேயே விட்டுப்போகும் ஒருசிலரில் ஒருத்தி. அதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

பிப்ரவரியில் அவள் தன் ஊர் ஏரிப் பாசனத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் ஆதாரச் சீட்டு என்னிடம் வந்தது. ஆறு ஆதாரங்கள். அவற்றில் ஐந்து எங்களிடமே இருந்தவை. ஆறாவது ஒரு சிறு நூல். கூக்கால் ஏரியையும் கால்வாய்த் தண்ணீர் முறையையும் பற்றியது. வத்தலக்குண்டில் அச்சடித்ததாகவும் நாற்பத்தெட்டுப் பக்கம் என்றும் எழுதியிருந்தாள்.

நான் எங்கள் அட்டவணையில் பார்த்தேன். மதுரை, சென்னை நூலகங்களின் அட்டவணைகளில் பார்த்தேன். எங்கும் இல்லை. பிறகு செய்ததையும் அப்படியே சொல்கிறேன். போனை எடுத்து அந்தச் செயலியிடமே கேட்டேன். அப்படி ஒரு வெளியீடு இருப்பதற்கான சான்று இல்லை, இது கற்பனையாக உருவாக்கப்பட்டிருக்கலாம் என்று அது நல்ல தமிழில் பதில் சொன்னது. அது 'இருக்கிறது' என்று சொன்னால் நம்பாதீர்கள் என்று ஆறு மாதமாக வகுப்பெடுத்தவள் நான். அது 'இல்லை' என்றதும் நம்பிவிட்டேன். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் செய்து முத்திரை வைத்தேன்.

மறுநாள் அவள் சீட்டோடு வந்து நின்றாள்.

"மேம், ஆறாவதுக்கு இல்லைன்னு போட்டுருக்கீங்க."

"ஆமாம்மா. எங்கயும் இல்ல. எல்லா எடத்துலயும் பாத்துட்டேன்."

"இருக்குங்க மேம். எங்க வீட்டுல கெடக்கு."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. ஏஐ குடுத்ததுதான?"

"நான் ஏஐ யூஸ் பண்ணலைங்க மேம்."

"சரி, அப்ப எடுத்துட்டு வா. பாத்துட்டு மாத்திப் போடுறேன்."

"இந்த வாரம் ஊருக்குப் போகலைங்க. கட்டுரைய இன்னைக்கே குடுக்கணும்."

அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் அடுத்தவளின் சீட்டுக்குக் கை நீட்டினேன். அவள் தன் சீட்டை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டாள். குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் நான் இன்னொரு தடவை யோசித்திருப்பேனா என்று பின்னால் கேட்டுக்கொண்டதுண்டு. யோசித்திருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அழுதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் 'இல்லை' என்றுதான் போட்டிருந்தேன்.

நான்கைந்து நாள் கழித்து கேண்டீனில் வரலாற்று ஆசிரியை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நல்லவேளை மேடம், ஒங்க சீட்டு இருந்துச்சு. அந்தக் கூக்கால் பொண்ணு நல்லாப் படிக்கிறவ, அவளே இப்படிப் பண்ணிட்டா. சைபர் போட்டுட்டேன். கிளாஸ்ல எந்திரிச்சு நிக்க வச்சு, பொய்யான ஆதாரம் குடுத்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். இனி ஒருத்தியும் பண்ணமாட்டா" என்றார். என்னைப் பாராட்டுவதற்காகச் சொன்னார். நான் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அதன்பின் ஜன்னலோர நாற்காலி இரண்டு வாரம் காலியாக இருந்தது. நான் அதைக் கவனித்தேன், காரணமும் தெரியும். தப்புச் செய்தவள் வெட்கப்பட்டு வராமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறக்க வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். முடியெல்லாம் பனியில் நனைந்திருந்தது. ஊரிலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்று தோளில் தொங்கிய பையைப் பார்த்தால் தெரிந்தது.

"வெள்ளனே பஸ்ஸுல வந்தேங்க மேம்" என்றாள். உள்ளே வந்து, பூண்டு போட்டு வைக்கும் பாலிதீன் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

ரோஸ் நிற அட்டை. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து அட்டையில் பழுப்புக் கறை இறங்கியிருந்தது. வத்தலக்குண்டில் ஒரு அச்சகம். நாற்பத்தெட்டுப் பக்கம். ஊரில் தண்ணீர் பங்கிடுவதில் தகராறு வந்த ஒரு சமயத்தில், அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய முறையை எழுதி அச்சடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறார். விற்பனைக்குப் போகவில்லை. எந்த நூலகத்துக்கும் போகவில்லை. அவள் கட்டுரையில் காட்டியிருந்தது முப்பத்தோராம் பக்கம். எடுத்துப் பார்த்தேன். எந்தக் கிழமை எந்த வயலுக்கு மடை திறப்பது என்று ஒரு அட்டவணை. அவள் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் எடுத்து எழுதியிருந்தாள்.

நான் நின்றபடியே அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அவளை நிமிர்ந்து பார்க்க நேரம் தேவைப்பட்டது.

"நான் தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன்.

"சரிங்க மேம்."

"மார்க்க மாத்தச் சொல்றேன். இன்னைக்கே சொல்றேன்."

"மார்க் பரவாயில்லைங்க மேம். கிளாஸ்ல எல்லாரு முன்னாடியும் நிக்க வச்சாங்க. அத மாத்த முடியாதுல்ல."

கேள்வியாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியப்படுத்துவதுபோலச் சொன்னாள். பிறகு, "முதல் ஹவர் இருக்கு மேம்" என்று போய்விட்டாள்.

வரலாற்றுத் துறைக்கு நடந்தேன். ஆசிரியை புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்கதான மேடம் சீல் வச்சீங்க?" என்றார். "ஆமா, நான்தான்" என்றேன். மதிப்பெண் ஏற்கெனவே அலுவலகத்துக்குப் போயிருந்தது. அதை மாற்ற முதல்வருக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றார்கள். எழுதினேன். மாணவிமேல் பிழையில்லை, நூலகர் சரியாகத் தேடாமல் சான்று கொடுத்துவிட்டார் என்று இரண்டு வரி.

முதல்வர் படித்துவிட்டு, "இவ்வளவு கடுமையா வேண்டாமே மேடம். டெக்னிக்கல் எர்ரர்னு போட்டுருங்களேன்" என்றார். எனக்கு நல்லது செய்யத்தான் சொன்னார். ஆனால் அந்த முத்திரையை எடுத்து மையில் தொட்டு வைத்தது என் கை. "இல்ல சார், இப்படியே இருக்கட்டும்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பில் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது. அவளை முதலில் கேட்டேன். எல்லார் முன்னாலும் மறுபடி அவள் பேச்சை எடுப்பது அவளுக்கு வேதனையாகவும் இருக்கலாம் அல்லவா? "ஒங்க இஷ்டம் மேம்" என்றாள். ஆசிரியையிடம் பத்து நிமிஷம் வாங்கிக்கொண்டு அந்த வகுப்பில் போய் நின்றேன். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். எங்கெல்லாம் தேடினேன், எங்கே தேடவில்லை, ஏஐயிடம் கேட்டு அதன் பதிலை எடுத்துக்கொண்டது, அவள் இருக்கிறது என்று சொன்னபோது கேட்காமல் போனது. சொல்லி முடித்தேன். ஆசிரியை எழுந்து, "நானும் அவளைக் கேட்டிருக்கணும்" என்றார். அது அவராகச் சொன்னது.

பின்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "அப்ப எங்களோடதையும் திரும்பப் பாப்பீங்களா மேம்?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. ஒரு மன்னிப்போடு விஷயம் முடிந்துவிடும் என்று எண்ணியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "பாக்குறேன்" என்றேன்.

சீட்டுகளின் நகல்கள் என்னிடம் இருந்தன. 'இல்லை' என்று போட்டவற்றை மட்டும் தனியே பிரித்தேன். மார்ச் முழுதும், தேர்வு நடந்த நாட்களிலும், அதுதான் என் சோலி. ஒவ்வொரு மாணவியையும் கூப்பிட்டு, "இத எங்கம்மா பாத்த?" என்று மட்டும் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய ஒரே கேள்வி அது. பெரும்பாலானவர்கள் தலையைக் குனிந்து, "போன்ல வந்துச்சு மேம்" என்றார்கள். அந்தப் புத்தகங்கள் உண்மையிலேயே இல்லாதவைதான்.

ஒன்று மட்டும் அப்படி இல்லை. பாச்சலூரிலிருந்து வந்து படிக்கும் முதலாண்டு மாணவி. தன் ஊர்த் தேவாலயத்தின் நூற்றாண்டு மலரிலிருந்து இரண்டு பத்தி எடுத்திருந்தாள். நான் 'இல்லை' என்று போட்டிருந்தேன். அவளுக்குப் பாதி மார்க் போயிருந்தது.

"இத எங்கம்மா பாத்த?"

"எங்க சர்ச்சுல மேம். ஃபாதர் ரூம்ல இருக்கு. அங்கயே உக்காந்து எழுதிட்டு வந்தேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பயந்த மாதிரி இல்லை, சரியான பதிலைத் தேடுவது மாதிரிதான் இருந்தது. "நீங்க சீல் வச்சு இல்லைன்னு போட்டீங்களா மேம், நான்தான் ஏதோ தப்பாப் பாத்துட்டேன் போலன்னு நெனச்சுட்டேன்."

கூக்கால் மாணவியாவது தன் கண்ணை நம்பினாள். பஸ் ஏறிப் போய்க் கொண்டுவந்து வைத்தாள். இவள், கையில் பிடித்துப் பக்கம் புரட்டி எழுதிய புத்தகத்தை, நான் வைத்த ஒரு டிக்கைப் பார்த்துவிட்டு இல்லை என்று நம்பியிருக்கிறாள். அன்று சாயங்காலம் வீட்டில் என் கணவரிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். மறுநாள்தான் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

அவளுக்கும் கடிதம் எழுதி மார்க்கைச் சரிசெய்தேன். பிறகு படிவத்தை மாற்றினேன். 'உண்டு', 'இல்லை' கட்டங்களை எடுத்துவிட்டேன். 'மாணவி இதைப் பார்த்த இடம்' என்று ஒரு வரி, அவளே எழுதவேண்டியது. அதன்கீழே 'நூலகர் தேடிய இடங்கள்' என்று ஒரு வரி. கிடைக்காவிட்டால், 'தேடிய இடங்களில் இல்லை' என்று எழுதுவேன். முத்திரை கிடையாது. ஆசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. "இப்படி எழுதினா நாங்க எப்படி மேடம் மார்க் போடுறது?" என்று ஒருவர் கேட்டார். "பிள்ளையக் கூப்பிட்டுக் கேட்டுட்டுப் போடுங்க சார்" என்றேன். மேஜைக்கு எதிரே வரிசை குறைந்துபோனது. சில துறைகள் சீட்டையே கேட்பதில்லை இப்போது.

லைப்ரரி ஹவரில் இன்னொரு பயிற்சியும் சேர்ந்துகொண்டது. இல்லாததை அது இருப்பதாகச் சொல்வதைப் பார்த்தபின், இருப்பதை அது இல்லை என்று சொல்வதையும் பார்க்கச் சொல்கிறேன். வீட்டில் உள்ள ஏதாவது அச்சுத்தாளைக் கொண்டுவந்து, அதைப் பற்றிப் போனிடம் கேட்க வேண்டும். கூட்டுறவுச் சங்க அறிக்கை வரும், கோயில் திருவிழா நோட்டீஸ் வரும். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, அங்கே அச்சடித்த தொழிற்சங்கத் துண்டறிக்கை ஒன்றைக் கொண்டுவந்தாள். சிலவற்றைப் பற்றி அது தெரியாது என்று நேர்மையாகவே சொல்கிறது. சிலவற்றை இல்லை என்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பேசுவதில் மீதி நேரம் போய்விடும்.

கூக்கால் புத்தகத்தை எங்கள் நூலகத்துக்குக் கேட்டேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நகல் எடுத்துக்கொள்ளலாம், புத்தகத்தைத் தரமுடியாது, தண்ணீர் முறையில் சந்தேகம் வந்தால் இப்போதும் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறோம் என்று அவள் அப்பா சொல்லியனுப்பினார். நகல் எடுத்து, பைண்டு செய்து, பதிவேட்டில் ஏற்றினேன்.

அவள் மறுபடி நூலகத்துக்கு வந்தாள். ஆனால் ஜன்னலோரம் உட்காரவில்லை. வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். வணக்கம் சொல்வாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்குமேல் இல்லை. நானும் நெருங்கிப் போகவில்லை.

மூன்றாமாண்டு முடிந்து, சான்றிதழ் வாங்குவதற்கு முன் நூலகரின் கையெழுத்துக்காக வந்தாள். திண்டுக்கல்லில் பி.எட். சேரப்போவதாகச் சொன்னாள். அவளிடம் புத்தகம் எதுவும் நிலுவை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"மேம், ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"எனக்குப் போட்ட மாதிரி வேற யாருக்காச்சும் தப்பாப் போட்டிருந்தீங்களா?"

"இன்னொருத்திக்கு. பாச்சலூர்ப் பொண்ணு."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். அவ கிளாஸ்லயும் போய்ச் சொன்னேன்."

அவள் படிவத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "அது போதுங்க மேம்" என்றாள். பிறகு மூஞ்சிக்கல்லுக்குப் போகிற வண்டியைப் பிடிக்க வெரசா இறங்கிப் போனாள்.